ரிமோட் வெறும் விரல்தான்: மோட்டாரையும் விளக்கையும் தள்ளி நின்று போடுவது எப்படி

எங்கள் வீட்டில் மோட்டார் சுவிட்ச் பின்கட்டில், கிணற்றடியில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இரண்டாவது மாடிக்கு மேலே. அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு உலை வைக்கப் போய்விடுவார். தொட்டி நிரம்பி, சுவர் வழியாக வழிந்து, பக்கத்து வீட்டு அக்கா குரல் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வரும். மூட்டுவலி வந்தபின் பின்கட்டுக்கும் சமையலறைக்கும் நடப்பதே அவருக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

சரி, ஒரு ரிமோட் சுவிட்ச் வாங்கிவிடலாம் என்று வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை டப்பா ஒன்று, சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவில் ரிமோட் ஒன்று. டப்பா மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தது. எங்களுடையது 1 எச்.பி. மோட்டார், 6 முதல் 7 ஆம்பியர்தான் இழுக்கும். தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டு, மோட்டாருக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி டப்பாவைச் சேர்த்தேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது வாரம் ஒரு காலையில் ரிமோட்டை அழுத்த அழுத்த மோட்டார் நிற்கவே இல்லை. ஓடிப்போய் மெயினை இறக்கித்தான் நிறுத்தினேன்.

டப்பாவைப் பிரித்தேன். உள்ளே நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது, அதுதான் ரிலே, உண்மையில் கரண்டைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச். அதன் மூடியைக் கத்தியால் அறுத்து எடுத்தால், உள்ளே மிளகளவுகூட இல்லாத இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வெல்டிங் வைத்த மாதிரி. கத்தி நுனியால் நெம்பியதும் டிக்கென்று விட்டது. இரண்டிலும் கருகிய குழி. ரிமோட் மேல் தப்பில்லை, அது கடைசி வரை சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னதைக் கேட்க வேண்டிய பொட்டு பிரிய மறுத்துவிட்டது.

இந்த விஷயத்தில் முதலில் புரிய வேண்டியது இதுதான். ரிமோட் என்பது நீட்டிவிட்ட ஒரு விரல், அவ்வளவே. கரண்டைச் சுமப்பது வேறொரு ஆள். கடையில் நாம் விரலைப் பார்த்து வாங்குகிறோம். பார்க்க வேண்டியது அந்தச் சுமைகாரரை.

உள்ளே என்ன நடக்கிறது

டி.வி. ரிமோட் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வேலை செய்வது. நடுவில் ஆள் நின்றால் நின்றுவிடும். நாம் பேசும் ரிமோட்டுகள் ரேடியோ அலையில் வேலை செய்கின்றன, சுவரைத் தாண்டும். இங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை.

பட்டனை அழுத்தியதும் ரிமோட் ஒரு எண்ணை அனுப்புகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வகைச் சிப்பில் அந்த எண்ணுக்கு 24 இலக்கம், எல்லாமே சுழியும் ஒன்றும். முதல் 20 இலக்கம் இது எந்த ரிமோட் என்று சொல்லும். கடைசி 4, எந்தப் பட்டன் என்று சொல்லும். அலையைக் கொஞ்சம் அதிக நேரம் விட்டால் ஒன்று, குறைந்த நேரம் விட்டால் சுழி. தந்திக் காலத்து ‘கட்டு கடகட’ ஒலி மாதிரியேதான். விரலை எடுக்கும் வரை அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். ரிசீவரில், அதாவது அந்த வெள்ளை டப்பாவில், லேர்ன் பட்டனை அழுத்திவிட்டு ரிமோட்டை அழுத்தச் சொல்கிறார்களே, அப்போது நடப்பது அந்த எண்ணை ரிசீவர் மனப்பாடம் செய்துகொள்வதுதான்.

20 இலக்கம் என்றால் 10 லட்சத்துக்கு மேல் வெவ்வேறு எண்கள் வரும். அதனால் பக்கத்து வீட்டு ரிமோட் உங்கள் மோட்டாரைப் போட்டுவிடும் என்ற பயம் இந்த வகையில் பெரும்பாலும் வேண்டாம். பழைய வகையில் அந்தப் பயம் நியாயமானது. அதில் சிப்பின் எட்டுக் கால்களைச் சாலிடர் வைத்து இணைத்து நாமே எண்ணைத் தேர்ந்துகொள்ள வேண்டும். யாரும் எதையும் இணைக்காமல் அப்படியே மாட்டிவிட்டால், ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே எண்தான். இரண்டு வகைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எண் மாறுவதே இல்லை. சாவிக்கடையில் காப்பி ரிமோட் போட்டுத் தருகிறார்களே, அதேபோல் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து திரும்ப அனுப்பலாம். விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பரவாயில்லை. கேட்டுக்கும் ஷட்டருக்கும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறுகிற ரோலிங் கோடு ரிமோட்தான் வேண்டும்.

ரிசீவர் எண்ணைச் சரிபார்த்ததும் ரிலேயின் காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு, 12 வோல்ட்டோ 5 வோல்ட்டோ கொடுக்கும். காயில் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். தகட்டின் நுனியில் இருக்கும் பொட்டு போய் ஒட்டும். அந்த டக் சத்தம்தான் ரிமோட் வேலை செய்ததற்குச் சாட்சி. சத்தம் கேட்டும் விளக்கு எரியவில்லை என்றால் ரிமோட்டை விட்டுவிட்டு ஒயரைப் பாருங்கள். 1898இல் நியூயார்க்கில் விஞ்ஞானி நிகோலா டெஸ்லா ஒரு சின்னப் படகைக் கம்பி இல்லாமல் ஓட்டிக்காட்டியபோதும் அதற்குள் ரிலேக்கள்தான் இருந்தன. அடிப்படை அவ்வளவாக மாறவில்லை.

ரிசீவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர்தான் ஆன்டெனா. 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் கால்பங்கு சுமார் 17 சென்டிமீட்டர், அதனால்தான் அந்த அளவு. இடைஞ்சலாக இருக்கிறது என்று வெட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டினால் தூரம் குறையும். இன்னொன்றும் முக்கியம். விலை மலிவான ரிசீவர்களில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, ஒரு கெப்பாசிட்டரை வைத்தே 230 வோல்ட்டைக் குறைத்திருப்பார்கள். அப்படியானால் அந்தப் போர்டு முழுவதும், ஆன்டெனா உட்பட, மெயின் லைனோடு தொடர்பில் இருக்கிறது. ஆன்டெனாவின் ரப்பரைச் சீவிப் பார்ப்பது, ஓடும்போது டப்பாவைத் திறந்து தொடுவது இரண்டுமே ஷாக் வாங்கும் வழி.

தகரப் பெட்டிக்குள் ரிசீவரை வைத்தால் அலை உள்ளே போகாது. அட்டையில் 100 மீட்டர் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. இரண்டு சுவரும் ஒரு கான்கிரீட் தளமும் குறுக்கே வந்தால் அதில் பாதிகூட நிற்காது. பட்டறையில் இரும்பு பீரோவும் தகரக் கூரையும் இருக்கும் இடத்தில் இரண்டடி தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஆணி அடிப்பதற்கு முன் டேப் போட்டு ஒட்டி, நடந்து பார்த்துச் சோதிப்பது நல்லது.

மூன்று விதமான அழுத்தல்

ஒரே ரிசீவரை மூன்று விதத்தில் வேலை செய்ய வைக்கலாம். பலவற்றில், லேர்ன் பட்டனை எத்தனை தடவை அழுத்துகிறோம் என்பதை வைத்து இது மாறும்.

மொமன்டரி: விரல் இருக்கும் வரை ரிலே ஒட்டும், எடுத்தால் விடும். காலிங் பெல் மாதிரி.

டாகிள்: ஒரே பட்டன். ஒரு தடவை அழுத்தினால் ஆன், இன்னொரு தடவை அழுத்தினால் ஆஃப்.

லாட்ச்: ஒரு பட்டன் ஆனுக்கு மட்டும், இன்னொன்று ஆஃபுக்கு மட்டும்.

படுக்கையறை விளக்குக்கு டாகிள் போதும், எரிகிறதா என்று கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாத எதற்கும் டாகிள் கூடாது. கிணற்றடியில் இருக்கும் மோட்டாரைச் சமையலறையிலிருந்து டாகிளில் அழுத்துகிறீர்கள். ஓடுகிறதா, நின்றதா? சந்தேகத்தில் இன்னொரு தடவை அழுத்துகிறீர்கள். இப்போது சந்தேகம் இரண்டு மடங்கு. லாட்ச்சில் இந்தக் குழப்பம் இல்லை, ஆஃப் பட்டனைப் பத்துத் தடவை அழுத்தினாலும் ஆஃப்தான்.

ஆனால் லாட்ச்சிலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், திரும்ப வந்தால் என்ன ஆகும்? சில ரிசீவர்கள் ஆஃப் ஆகிவிடும். சில, பழைய நிலையை நினைவில் வைத்திருந்து தானாகவே ஆன் ஆகும். விளக்கென்றால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கெடும், அவ்வளவுதான். மோட்டாரென்றால் ஆளில்லாத நேரத்தில் ஓடும், மரம் அறுக்கும் மிஷினென்றால் யார் கை எங்கே இருக்கிறதோ. வாங்கியதும் ஒரு பல்பை மாட்டி, ஆன் செய்து, பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகிப் பாருங்கள். அட்டையில் எழுதியிருக்கிறதோ இல்லையோ, பல்பு சொல்லிவிடும்.

10 ஆம்பியர் என்றால் எந்த 10 ஆம்பியர்

என் ரிலே ஏன் ஒட்டிக்கொண்டது? அந்த 10 ஆம்பியர், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி சாதுவான சுமைக்கான கணக்கு. மோட்டார் அப்படி இல்லை. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சுழல ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 7 ஆம்பியர் மோட்டார் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் 35, 40 ஆம்பியர் வரை போகும். அதே நேரத்தில்தான் ரிலேயின் பொட்டு போய் ஒட்டுகிறது. ஒட்டும்போது ஒரே தடவையில் ஒட்டாது, பந்து மாதிரி இரண்டு மூன்று தடவை எகிறி அடங்கும். எகிறும் ஒவ்வொரு தடவையும் தீப்பொறி. பொறியில் உலோகம் உருகி, அடங்கும்போது உறைந்து ஒட்டிக்கொள்கிறது. தினம் இரண்டு தடவை, மூன்று வாரம். அதுவரை தாங்கியதே பெரிது.

ஆச்சரியமான விஷயம், எல்.இ.டி. விளக்கும் கொஞ்சம் இப்படித்தான். வாட்ஸ் குறைவு என்று ஒரே ரிலேயில் பத்து இருபது எல்.இ.டி. டியூப்களைக் கோப்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது, ஆன் செய்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே மடக்கில் குடிக்கும். கல்யாண மண்டபம் மாதிரி இடங்களில் இரண்டு மூன்று ரிலேயாகப் பிரித்துவிடுவது நல்லது. கீசர் ஆன் செய்ததும் இப்படி அதிகமாக இழுக்காது, ஆனால் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், அரை மணி நேரம் தொடர்ந்து. 3000 வாட் என்றால் 13. சின்ன டப்பாவின் போர்டு சூடேறி வாசனை வரும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து கான்டாக்டர். அதுவும் ரிலேயின் அண்ணன்தான். உள்ளங்கை அளவு இருக்கும், மூன்று ஜோடிப் பெரிய பொட்டுகள், இழுக்க வலுவான காயில். ரிமோட்டின் சின்ன ரிலே இந்தக் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும், மோட்டாரின் பளுவைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். வாங்கும்போது லேபிளில் ஏ.சி.-1, ஏ.சி.-3 என்று இரண்டு ஆம்பியர் இருக்கும். பெரிய எண் ஏ.சி.-1, ஹீட்டர் வகைக்கு. மோட்டாருக்குப் பார்க்க வேண்டியது ஏ.சி.-3. கடைக்காரர் 25 ஆம்பியர் என்று சொல்லி நீட்டுவது ஏ.சி.-3இல் 9 ஆம்பியராக இருக்கலாம். லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

ஸ்டார்ட்டரோடு சேர்ப்பது

வயலிலும் பட்டறையிலும் பார்க்கும் பச்சை, சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டரின் உள்ளே இருப்பதும் இந்தக் கான்டாக்டர்தான், கூடவே, மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோட் ரிலே ஒன்று. அதன் தந்திரம் அழகானது. பச்சையை அழுத்தினால் காயில் இழுக்கும். இழுத்ததும் கான்டாக்டரின் ஓரத்தில் இருக்கும் ஒரு துணைப் பொட்டும் சேர்ந்து ஒட்டும். அந்தப் பொட்டு பச்சை பட்டனுக்கு இணையாக இருப்பதால், நீங்கள் விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. சிவப்பு பட்டன் அந்தப் பாதையில் குறுக்கே இருக்கிறது. அழுத்தினால் பாதை அறுந்து பிடி விட்டுவிடும். கரண்ட் போனாலும் பிடி விடும். திரும்ப வந்தால் தானாக ஒட்டாது, யாராவது பச்சையை அழுத்த வேண்டும்.

கரண்ட் வந்ததும் தானாக ஓடக் கூடாது என்ற பிரச்சினைக்கு ரிமோட் வருவதற்குப் பல காலம் முன்பே எழுதி வைத்த விடை இது. நாம் செய்ய வேண்டியது இதைக் கெடுக்காமல் இருப்பது மட்டும்தான். இரண்டு ரிலே உள்ள ரிசீவரை எடுத்து, இரண்டையும் மொமன்டரியில் வைக்க வேண்டும். முதல் ரிலேயின் சாதாரணமாகத் திறந்திருக்கும் முனைகளைப் பச்சை பட்டனுக்கு இணையாக. இரண்டாவது ரிலேயின் சாதாரணமாக மூடியிருக்கும் முனைகளைச் சிவப்பு பட்டனோடு தொடராக. ரிமோட் இப்போது இன்னொரு ஜோடி பட்டன், அவ்வளவே. ரிமோட் தொலைந்தாலும் சிவப்பு பட்டன் வேலை செய்யும், ஓவர்லோட் ட்ரிப் ஆனாலும் நிற்கும். லாட்ச்சில் வைத்த ரிலேயைப் பச்சைக்கு இணையாகக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? பச்சையை யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். சிவப்பை அழுத்தினால் நிற்கும், விட்டால் மறுபடி ஓடும்.

ஒரு எச்சரிக்கை. சிங்கிள் பேஸ் சப்மர்சிபிள் பேனல்கள் சிலவற்றில், பச்சை பட்டனே ஸ்டார்ட் கெப்பாசிட்டரின் கரண்டையும் சுமக்கும். அதற்கு இணையாகச் சின்ன ரிலேயைக் கொடுத்தால் ஒரே நாளில் கருகும். பேனலைத் திறந்து பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, நானும் கூப்பிட்டேன்.

மும்முனை மின்சாரம் முறைவைத்து வரும் ஊர்களில் நடு இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தவர்களுக்கு இந்த 433 ரிமோட் உதவாது, தூரம் போதாது. அங்கே சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர். போன் போட்டு எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், மூன்று பேஸும் வந்திருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டதா என்றுகூடத் திரும்பச் சொல்லும். விரல் நீளமானது, கூடவே ஒரு வாயும் வந்தது. உள்ளே பழைய கான்டாக்டர்தான்.

பட்டறையில்

தச்சுப் பட்டறையில் தூசி உறிஞ்சும் மிஷினுக்கு ரிமோட் வைப்பதைப் போல உருப்படியான காரியம் கிடையாது. பலகையை இரண்டு கையாலும் பிடித்திருக்கும்போது, மூலையில் இருக்கும் சுவிட்ச்சுக்கு யார் நடப்பது? எக்ஸாஸ்ட் ஃபேன், உயரத்தில் இருக்கும் விளக்குகள், தண்ணீர் மோட்டார், எல்லாம் சரி. கட்டிங் மிஷின், ரம்பம், லேத், டிரில்லிங் மிஷின், கிரைண்டர், இவற்றை ரிமோட்டில் ஓடவிடவே கூடாது என்பது என் கட்சி.

காரணம் என் சட்டைப் பையிலேயே கிடைத்தது. நண்பர் பட்டறையில் ஏர் கம்ப்ரஸருக்கு ரிமோட் வைத்திருந்தோம். தரையில் விழுந்த நட்டை எடுக்கக் குனிந்தேன். பையில் இருந்த ரிமோட் பெஞ்சு விளிம்பில் அழுந்தி, பின்னால் கம்ப்ரஸர் தடதடவென்று எழுந்தது. பெல்ட்டின் மூடியைக் கழற்றி வைத்திருந்த நேரம் அது. நல்லவேளையாக யாரும் கையை விட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து எந்த மிஷினைத் தொடுவதென்றாலும் முதலில் எம்.சி.பி.யை, அதாவது போர்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச்சை, இறக்குவோம், ரிமோட்டில் ஆஃப் செய்ததை ஆஃப் என்றே கணக்கில் எடுப்பதில்லை. அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புக் காளான் பட்டனும் ஒயரில்தான் இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்த ரிமோட்டை நம்பி யாரும் விரலை வைக்க முடியாது.

வீட்டில்

வீட்டு வேலை சுலபம்போலத் தெரியும், முதல் முட்டுக்கட்டை சுவிட்ச் பெட்டியிலேயே வரும். நம் வீடுகளில் பல சுவிட்ச் பெட்டிகளுக்குப் பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், மட்டும்தான் வந்திருக்கும். கரண்ட் திரும்பும் ஒயரான நியூட்ரல் நேராக விளக்குக்குப் போயிருக்கும். ரிசீவருக்கு 24 மணி நேரமும் கொஞ்சம் கரண்ட் வேண்டும், அதற்கு நியூட்ரல் வேண்டும். அதே பெட்டியில் பிளக் பாயின்ட் இருந்தால் அதில் நியூட்ரல் கிடைத்துவிடும். இல்லையென்றால் ரிசீவரை மேலே, விளக்கின் பக்கத்தில் வைத்துவிடலாம். நியூட்ரலே வேண்டாத வகையும் விற்கிறார்கள். அவை விளக்கு வழியாகவே துளிக் கரண்டைக் கசியவிட்டுப் பிழைப்பவை. குண்டு பல்புக்கு அது தெரியாது. எல்.இ.டி. பல்பு ஆஃப் செய்த பிறகும் இரவெல்லாம் மினுமினுக்கும். கூடவே தரும் சின்னக் கெப்பாசிட்டரை விளக்குக்கு இணையாகப் போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

எதைச் சேர்த்தாலும் ரிலே அறுக்க வேண்டியது பேஸ் லைனை. நியூட்ரலை அறுத்தாலும் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். பல்பு மாற்றும்போது தெரியும்.

வைஃபை சுவிட்ச்சா, இதுவா என்று கேட்பவர்களுக்கு: வெளியூரிலிருந்து போட வேண்டும், நேரம் குறித்து ஓடவிட வேண்டும் என்றால் வைஃபை. நெட் இல்லாதபோதும், போன் தெரியாத பெரியவர் கையிலும் வேலை செய்ய வேண்டும் என்றால் ரிமோட். எங்கள் அம்மாவுக்கு எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கிணற்றடியில் சின்ன ஸ்டார்ட்டர் ஒன்று இருக்கிறது. ரிசீவர் அதன் தகரப் பெட்டிக்கு வெளியே, பிளாஸ்டிக் டப்பாவில். மோட்டார் ஓடும்போது எரிய, சமையலறை ஜன்னலில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர். மேலே தொட்டியில் மிதவை சுவிட்ச் ஒன்றும் போட்டு, அதைச் சிவப்பு பட்டனோடு தொடராகக் கொடுத்தாயிற்று. தொட்டி நிரம்பினால் பிடி அறுந்து மோட்டார் நிற்கும், தண்ணீர் இறங்கினாலும் தானாக ஓடாது. ரிமோட் கதவோரத்து ஆணியில், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஆன் பட்டன் மேல் அம்மா குங்குமப் பொட்டு ஒன்று ஒட்டி வைத்திருக்கிறார், கண்ணாடி போடாமலே தெரிவதற்காக. ஆஃப் பட்டனை அவர் தொடுவதே இல்லை.